குறுக்கெழுத்து வினாடி வினாவாகிவிடக் கூடாது

எங்கள் பகுதி நாளிதழ் ஒன்றின் ஞாயிறு இணைப்பில் 'கொங்கு நாட்டு ஆறும் கரையும்' என்ற தலைப்பில் ஒரு பெரிய குறுக்கெழுத்துப் புதிர் வந்திருந்தது. ஈரோடு, கரூர், திருப்பூர் நண்பர்கள் பலர் நிரப்பிய கட்டங்களைப் படம் பிடித்துப் போட்டிருந்தீர்கள். விடைகளும் வெளியாகிவிட்டன. இனி வெளிப்படையாகப் பேசலாம். உழைத்துச் செய்த புதிர் அது. அதனால்தான் அதன் குறைகளையும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஓர் ஊரைத் தலைப்பாக வைத்துப் போடும் புதிருக்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்த ஊர்ப் பக்கமே வந்திராத ஒருவர் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், கடைசிக் கட்டம் வரை போக வழி இருக்க வேண்டும். முடித்து எழும்போது அந்த ஊரைப் பற்றி நான்கு விஷயங்கள் புதிதாகத் தெரிந்திருக்க வேண்டும். வினாடி வினாவில் விடை தெரியாவிட்டால் கேள்வி அடுத்த அணிக்குப் போய்விடும். குறுக்கெழுத்தில் தெரியாத சொல்லுக்கு, அதை வெட்டிச் செல்லும் சொல் எழுத்துக் கொடுக்கும். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் அமைத்த புதிரிலிருந்து இன்று வரை இந்த விளையாட்டின் உயிர் அந்த வெட்டுமிடத்தில்தான் இருக்கிறது.

இந்தப் புதிரின் மிகச் சிறந்த குறிப்பு எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: 'கிணற்று மேட்டில் எருது இழுத்தது, மனிதர் மனத்திலும் இருப்பது (3)'. விடை, கவலை. கோவையில் பொறியியல் படிக்கும் என் மகளுக்கு இரண்டாவது பாதி புரிந்தது, முதல் பாதி புரியவில்லை. ஆனால் கவலையின் கடைசி எழுத்தை வெட்டிக்கொண்டு இன்னொரு சொல் போனது. 'கடைமடைக்கு எதிர்முனை (4)' என்பது அதன் குறிப்பு. கடைமடை வரை தண்ணீர் வரவில்லை என்ற செய்தியை எத்தனையோ முறை படித்தவள், தலைமடை என்று உடனே எழுதினாள். 'லை' கிடைத்தது. கவலை என்று நிரப்பிவிட்டு, "எருதுக்கு என்ன கவலை, அப்பார்?" என்று என் அப்பாவிடம் கேட்டாள்.

அதன் பிறகு புதிர் அரை மணி நேரம் நின்றது. எங்களுக்கு வாய்க்கால் பாயும் வயலும் உண்டு, கிணறு உள்ள தோட்டமும் உண்டு. அந்தத் தோட்டத்துக் கிணற்றில் கவலை ஓட்டியவர் அவர். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால் மேலே வரும் என்பதையும், தண்ணீர் கொட்டியதும் அதே எருதுகள் பின்னோக்கி நடந்தே மேடேற வேண்டும் என்பதையும், அப்படி நடக்க மாட்டைப் பழக்குவது எவ்வளவு கடினம் என்பதையும் அவர் கைகளால் காட்டிக் காட்டிச் சொன்னார். பைக்கரா மின்சாரம் 1930-களில் வரத் தொடங்கி, கிணறு கிணறாக மோட்டார் இறங்கிய பிறகு மெல்ல மறைந்துபோன வேலை அது. ஒரு மூன்றெழுத்துச் சொல் இவ்வளவையும் வெளியே கொண்டுவந்தது. குறிப்பை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

காலிங்கராயனும் அமராவதியும் 'ரா'வில் சந்தித்ததும் நேர்த்தியான வேலை. 'பவானியில் தொடங்கி நொய்யலில் முடியும் 13-ஆம் நூற்றாண்டு வாய்க்கால் (7)' என்பது ஒன்று. 'சங்கப் பாடல்களின் ஆன்பொருநை, இன்று கரூர் வழியே (5)' என்பது மற்றொன்று. சங்க இலக்கியம் படித்த மதுரைக்காரர் இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு வரலாம். ஈரோட்டு விவசாயி முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போகலாம். இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது.

ஒரத்துப்பாளையத்தைச் சேர்த்ததற்குத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஆறுகளைப் பற்றிய புதிர் என்றதும் அருவி, அணை, படித்துறை என்று சுற்றுலாக் கையேடு போல முடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். 'பாசனத்துக்கென்று கட்டி, சாயக்கழிவைத் தேக்கிய நொய்யல் அணை (9)' என்று துணிந்து எழுதியிருக்கிறார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை நீண்ட கதை அது. அந்த அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை ஒரு குறிப்புக்குள் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நொய்யல் என்று எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யான புதிராகியிருக்கும்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன்.

'ஒரு வாய்க்கால் (6)'. இது என்ன குறிப்பு? விடை தடப்பள்ளி. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் வாய்க்கால் என்று கோபிக்காரருக்குத் தெரியும். உடுமலைக்காரர் எதைப் பிடித்துக்கொண்டு அதை அடைவார்? 'கொடிவேரியில் பிரியும் இரண்டில் ஒன்று. மற்றது அரக்கன்கோட்டை' என்று எழுதியிருந்தால், தெரிந்தவருக்கு மகிழ்ச்சி, தெரியாதவருக்கு இரண்டு பெயர்கள் லாபம். உள்ளூர்ப் பெயர் என்பதற்காகவே அதைக் கடினமான கேள்வி என்று நினைத்துக்கொள்வது சோம்பல்.

சிறுவாணிக்கு நேர்ந்தது இதைவிட வருத்தம். 'கோவை மாவட்ட அணை. கலைந்துள்ளது (4)' என்று கொடுத்திருந்தார்கள். சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். அங்கிருந்து கோவைக்குக் குடிநீர் வருகிறது. அதன் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாம் இதில் பிழை செய்யலாமா? அந்த 'கலைந்துள்ளது'தான் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். கட்டத்தில் 'வாசிணிறு' என்று எழுத வேண்டுமாம். பவானியையோ கீழிருந்து மேலாக ஓட விட்டிருந்தார்கள்.

புதிர் அமைப்பவரின் சிரமம் எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துச் சொற்களைக் கோக்கிறார்கள். நமக்கு 247. 'ரா' கேட்கும் கட்டத்தில் 'ர' உதவாது, 'ரை'யும் உதவாது. சொல் பொருந்தாதபோது வலமிருந்து இடமாகத் திருப்பிப் போடுவதும், எழுத்துகளைக் கலைத்துப் போடுவதும் தமிழ் இதழ்களில் நெடுங்கால வழக்கமாகிவிட்டது. ஆனால் பொருந்தாவிட்டால் இன்னும் இரண்டு கறுப்புக் கட்டங்களை வையுங்கள். கட்டம் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும் என்று நம் வாசகர் யாரும் கேட்பதில்லை. சொல்லை மட்டும் உடைக்காதீர்கள். தலைப்புக்குரிய சொல் என்றால் ஒருபோதும் உடைக்கக் கூடாது.

குறிப்பில் எழுத்தைக் கலைத்து, கட்டத்தில் சொல்லை நேராக்குவது வேறு. அது கலை. 'வள்ளல் காரியின் நடுவே விதையின் முதலெழுத்து விழ, பெருகும் ஆறு (3)' என்று எழுதிப் பாருங்கள். கா, வி, ரி. முழுச் சொல்லாகக் காவிரி கட்டத்தில் அமர்கிறது. அவிழ்க்கிற வேலை வாசகரின் தலைக்குள் நடக்கிறது. தாளில் பிழையான சொல் மிஞ்சுவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் நிரப்பும் புதிரில் இது மிக முக்கியம்.

கடைசியாக, பலரும் கோபப்பட்ட இடம். 'கொங்கு ஏழு தலங்களில் ஒன்று, கரூர் மாவட்டம் (8)'. சுந்தரர் பதிகத்தில் அது வெஞ்சமாக்கூடல். ஊர்ப் பெயராக வெஞ்சமாங்கூடல் என்றும் எழுதுகிறார்கள். ஐந்தாம் கட்டத்தில் 'க்' வரும் அல்லது 'ங்' வரும். மற்ற ஏழு எழுத்துகளும் ஒன்றே. அந்த ஐந்தாம் கட்டத்தை வேறு எந்தச் சொல்லும் வெட்டவில்லை. அறிந்தவர்கூட அங்கே ஊகிக்கத்தான் வேண்டும். மேலிருந்து கீழாக 'நுங்கு' என்று ஒரு சிறு சொல் இறங்கியிருந்தால் 'ங்'தான் என்று உறுதியாகியிருக்கும். 'பாக்கு' இறங்கியிருந்தால் 'க்'. இரண்டுமே ஆற்றங்கரை ஊர்களின் சொற்கள், தலைப்புக்கும் பொருந்துபவை.

விடைப் பக்கத்தில் 'க்' மட்டுமே வந்தது. 'ங்' எழுதியவர்களின் அஞ்சலட்டைகள் பரிசுக் குலுக்கலில் சேர்க்கப்படவில்லை என்று தெரிகிறது. வெஞ்சமாங்கூடல் என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே வளர்ந்த கரூர் வாசகர் ஒருவரின் அட்டையும் அவற்றில் இருந்தது. மற்ற எல்லாக் கட்டங்களையும் அவர் சரியாக நிரப்பியிருந்தார். இரண்டு வடிவங்களையும் ஏற்று, விலக்கிய அட்டைகளைச் சேர்த்து, குலுக்கலை மீண்டும் நடத்த வேண்டும் என்று ஆசிரியருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். 'ங்' எழுதியவர்கள் நீங்களும் உங்கள் பெயரில் எழுதுங்கள்.