மூணு செகண்ட் நிக்குதாம்!

வந்துருச்சுய்யா. சனிப்பெயர்ச்சிக்கு முன்னாடியே இந்த வாட்ஸ்அப் ஃபார்வர்ட் வந்துரும். "சனி கிரகத்துல இருந்து கருநீலக் கதிர் விழுறதால, திருநள்ளாறு சனீஸ்வரன் கோயில் மேலே வரும்போது சாட்டிலைட் மூணு செகண்ட் ஸ்தம்பிக்குது, நாசாவே மிரண்டுபோச்சு."

சரி, நிறுத்தியே பார்ப்போம். 800 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற சாட்டிலைட் செகண்டுக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் ஓடுது. (ஏழரைதான். மொத்தக் கதையிலயும் சனிக்குப் பொருந்துறது அது ஒண்ணுதான்.) மூணு செகண்ட்ல 22 கிலோமீட்டர். தெற்கே போறதா இருந்தா நாகப்பட்டினம் கிட்டப் போயிருக்கும். அதை நிறுத்த எஞ்சினை எதிர்ப்பக்கமா எரிச்சு அந்த வேகம் மொத்தத்தையும் கழிக்கணும். அந்த வேகத்தைக் கொடுக்கத்தான் ஸ்ரீஹரிகோட்டாவுல 320 டன் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை எரிக்கிறாங்க! சாட்டிலைட்ல இருக்கிற எரிபொருள் பாதையை லேசாத் திருத்தத்தான் போதும். அப்படியே நின்னாலும், அந்த மூணு செகண்ட்ல 30 மீட்டருக்கு மேல கீழ விழுந்திருக்கும். திரும்ப ஏழரை பிடிக்க யாரு தள்ளிவிடுறது? டவுன் பஸ்ஸா அது, ஸ்டாப்பிங்ல ரெண்டு பேரை இறக்கிட்டு "ரைட்" குடுக்க?

"நிலையா நிக்கிற சாட்டிலைட்டும் இருக்கே"ன்னு ஒருத்தர் வருவார். அது 35,786 கிலோமீட்டர் உயரத்துல, நிலநடுக்கோட்டுக்கு மேல மட்டும். திருநள்ளாறு கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கே இருக்கு. அதுவும் நிக்கல சாமி, பூமி சுத்துற கணக்குக்குச் சேர்ந்து ஓடுது.

அப்புறம் அந்தக் கருநீலக் கதிர். சனியோட வெளிச்சம் விழுந்தா பாதி பூமியில விழும். நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால இருந்து காரைக்காலுக்கு மட்டும் டார்ச் அடிக்குமா?

எரிச்சல் எங்கேன்னா, திருநள்ளாறு தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலுக்கு எதுக்கு நாசா சர்டிபிகேட்? மதுரையில சம்பந்தர் நெருப்புல போட்டும் வேகாத பச்சைப் பதிகம் இந்த ஊர்ப் பதிகம்தான். அதைச் சொல்ல ஒரு ஃபார்வர்ட் கிடையாது.

இதுல, வாட்ஸ்அப்ல பல கை மாறி ரெட்டை அம்புக்குறி விழுந்த மெசேஜை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ஆறு குரூப்ல வந்திருந்தா, அந்த மனுஷன் ஆறு தடவை பொறுமையா உட்கார்ந்து அனுப்பியிருக்கார். கல்யாணப் பத்திரிகையைக்கூட இப்படி ஒவ்வொருத்தருக்கா அனுப்ப மாட்டார்.

இவ்வளவையும் விளக்கினா என்ன பதில் வரும்? "நல்ல தகவல், நன்றி." கீழேயே ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். மணி மத்தியானம் ரெண்டரை!