டிராக்டர் லிஃப்ட் ஏறலன்னா உடனே பம்ப்பைக் கழற்றாதீங்க

"பெர்குசன் டிஇ20-ல லிஃப்ட் ஏறலன்னா பம்ப் போச்சுன்னு அர்த்தம், புதுசு வாங்கிடுங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அது சரியில்லை. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வந்த இந்த டிராக்டரில், பின்னால் மாட்டும் கலப்பை மாதிரி கருவிகளைத் தூக்குவதுதான் லிஃப்ட். அதற்கு ஆயிலை அழுத்தி அனுப்பும் ஹைட்ராலிக் பம்ப்பைச் சுற்றுவதே பிடிஓ ஷாஃப்ட்தான், அதாவது எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு. பிடிஓ லீவர் போடாமலோ கிளட்சை மிதித்தபடியோ பார்த்தால், எவ்வளவு நல்ல பம்ப்பாக இருந்தாலும் தூக்காது.

அப்புறம் ஆயில். கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். வருடக்கணக்கில் வெட்டவெளியில் கிடந்த வண்டி என்றால் கியர் லீவர் ரப்பர் கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கி ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும், பம்ப்பின் உறிஞ்சு பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோல் வால்வும் துருப்பிடித்து இறுகியிருக்கும். வால்வு திறக்காவிட்டால் பம்ப்புக்கு ஆயிலே வராதே, எதைத் தூக்கும்?

பழைய ஆயிலை வடித்து, உள்ளே கழுவி, புது ஆயில் ஊற்றி, வால்வு தாராளமாக நகருதான்னு பாருங்க. தூக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தியதும் சுமை சட்டென இறங்கினால் அது வேறு கதை, எங்கேயோ ஆயில் கசியுது, லிஃப்ட் சிலிண்டரின் பிஸ்டன் ரிங்கையும் சேர்த்துப் பார்க்கணும். பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் எஞ்சின் ஓடும்போது உள்ளே கை விடவே கூடாது.