டவுன்ஷிப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் முழுக்க டவுன்ஷிப்களின் ஆண்டுக் கூட்டம். டவுன்ஷிப் என்பது கவுண்டிக்கும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கீழே இருக்கும் சின்ன ஊர் நிர்வாகம். சிட்டிக்குள் இருக்கும் நம் நண்பர்கள் பலருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. "கவுண்டி இருக்கு, ஸ்டேட் இருக்கு, இது வேற எதுக்கு? கலைச்சுட்டா செலவு மிச்சம்தானே?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

இங்கே கிராமப்புறத்தில் நிலம் வாங்கினால் பத்திரத்தில் பெரும்பாலும் செக்‌ஷன் எண் இருக்கும். அதன் வேர் 1785-ஆம் வருட நிலச் சட்டம். நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 36 செக்‌ஷனாகப் பிரித்தார்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். 16-வது செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு. டகோட்டா, ஓஜிப்வே என்ற பூர்வகுடி மக்களின் மண் மீது போட்ட கோடுகள் இவை என்பதையும் மறக்கக் கூடாது. அந்தச் சதுரங்களின் மேல்தான் பிற்பாடு ஊர் நிர்வாகம் வந்து உட்கார்ந்தது. இந்த மாநிலத்தில் 87 கவுண்டிகள், அவற்றுக்குள் சுமார் 1,780 டவுன்ஷிப்கள்.

போன வருடக் கூட்டத்தில் 19 பேர் இருந்தோம். மடக்கு நாற்காலி, பெரிய பாத்திரத்தில் காபி, வாசலில் சேறு அப்பிய பூட்ஸ். கிளார்க் கணக்கு வாசித்தார். ஒரு பால் பண்ணைக்காரர் எழுந்து, பனி உருகும்போது கிராவல் ரோடு களியாகிப் போகிறது, பால் லாரி புதைகிறது, பாலத்தடிக் குழாய் துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது என்றார். டவுன்ஷிப்பை நடத்தும் போர்டின் உறுப்பினரான சூப்பர்வைசர் குழாய்க்கு ஆகும் தொகையைச் சொன்னார். தனி ஆளாக வாழும் ஒரு பாட்டி, "இதுக்கு மேல வரி என்னால தாங்காது" என்றார். யாரும் அவரை அடக்கவில்லை. அரை மணி நேரம் பேசி, கேட்டதைவிடக் குறைவான தொகைக்குக் கை தூக்கினோம். நாங்கள் கை தூக்கிய தொகைக்கு மேல் போர்டு ஒரு டாலர்கூட வரி போட முடியாது. தன் வரியைத் தானே கை தூக்கி முடிவு செய்கிற உரிமை கவுண்டியில் உண்டா? மாநிலத்தில் உண்டா?

எல்லா டவுன்ஷிப்பையும் கட்டிக் காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இல்லினாய் மாநிலத்தில் எவன்ஸ்டன் நகரத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் எல்லை ஒன்றுதான். 2014-ல் மக்களே ஓட்டுப் போட்டுக் கலைத்தார்கள், அது நியாயம். ஆனால் இண்டியானா மாநிலத்தில் 2007-ல் ஒரு குழு, டவுன்ஷிப் வேலைகளைக் கவுண்டியிடம் கொடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்ததே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே வாடகை கட்ட வழியில்லாதவர் போய் நிற்பது டவுன்ஷிப் பொறுப்பாளரான டிரஸ்டியின் வாசலில். முகம் தெரிந்தவரிடம் கேட்பதும், நாற்பது மைல் தள்ளி ஒரு கவுண்ட்டரில் டோக்கன் வாங்கி உட்கார்வதும் ஒன்றா?

என் பயம் வேறு. அந்த 19 பேரில் பாதிக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள். கிளார்க் வேலைக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. யாரும் சட்டம் போட்டுக் கலைக்க வேண்டியதில்லை, நாற்காலி காலியானாலே போதும்.

குழாய் ஆகஸ்டில் மாற்றினார்கள். பால் லாரி இப்போது சிக்காமல் போகிறது. இந்த முறை பக்கத்து வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். போன மாதம்தான் அவனுக்குப் பதினெட்டு முடிந்தது.