ரிப் கெர்பியைப் பட்டியலிலிருந்து நீக்கியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் முழுவதையும் விவரிக்கப் போவதில்லை. சிறந்த பத்துத் துப்பறியும் சித்திரக்கதைகளைத் தெரிவு செய்தபோது, நான் சொன்ன ஒரே பெயரான ரிப் கெர்பியை அடித்துவிட்டு, "கண்ணாடி போட்ட கனவானும் அவருடைய வேலைக்காரக் கள்ளனும், இதெல்லாம் ஒரு துப்பறியும் கதையா?" என்று ஒருவர் கேட்க, சபை சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அதற்காகத்தான் மூன்று நாட்களாக என் மீதே எனக்குக் கோபம்.

ரிப் கெர்பி துப்பறியும் கதைதான். 1946 மார்ச்சில் அலெக்ஸ் ரேமண்ட் அமெரிக்கச் செய்தித்தாள்களுக்காக வரையத் தொடங்கிய தொடர் அது. வரைந்தவரும் போருக்குப் போய் வந்தவர், கதையின் நாயகரும் போருக்குப் போய் வந்தவர். 1956இல் ரேமண்ட் கார் விபத்தில் இறந்த பிறகு ஜான் பிரெண்டிஸ் 1999 வரை அதை வரைந்தார். கை ஓங்குவதற்கு முன் யோசிக்கிற ஒருவரை இத்தனை காலம் நாயகராக வைத்திருந்தது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது.

இன்னொரு சித்திரக்கதை நாயகரான இரும்புக்கை மாயாவியை நான் மட்டம் தட்டுவதாகச் சிலர் எழுதுவார்கள். இல்லை. 1972இல் முத்து காமிக்ஸ் என்ற தமிழ்ச் சித்திரக்கதை இதழ் அவரோடுதான் தொடங்கியது, அவருக்குரிய இடம் அவருக்கு உண்டு. ஆனால் மின்சாரம் பாய்ந்தால்தான் மறைய முடிகிற அந்த மனிதர், மின்சாரமில்லாத அன்றைய எங்கள் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்திருந்தால், குப்பி விளக்கு வெளிச்சத்தில் அகப்பட்டுக்கொண்டு நின்றிருப்பார். (முத்துவின் சகோதர இதழான லயன் காமிக்ஸ் என்றால் நம் லயன் காம்பிராவை, அதாவது லயத்து அறையை, பற்றிய புத்தகம் என்றே அப்பாயி கடைசிவரை நம்பியிருந்தார்.)

கதை மெதுவாக நகர்கிறதாம். வாசிப்பவருக்கு அவசரமென்றால் அதற்குக் கெர்பி என்ன செய்வார்? கெர்பியின் வேலைக்காரர் டெஸ்மாண்ட் போல, வெள்ளைக்காரருக்குச் சேவகம் செய்யும் ஓர் ஆளை மலையகத்தவர் கொண்டாடலாமா என்று நண்பர் ஒருவர் உட்பெட்டியில் கேட்டிருந்தார். அது நியாயமான கேள்வி, அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன்.

அப்பா ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார். ஒருமுறை தேயிலைத் தூள் குறைந்ததென்று அவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் எடுத்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, நான் கேட்டதே இல்லை. அதன் பிறகு அவர் இருபது ஆண்டுகள் ஒழுங்காக வேலை செய்தும், அவருடைய சாவு வீட்டுக்கு வழி கேட்டு வந்தவருக்கு "தூள் கள்ளன் வீடா?" என்று சொல்லித்தான் வழி காட்டினார்கள். டெஸ்மாண்ட் உண்மையாகவே களவெடுத்தவர், வீடு உடைத்தவர். அவரைக் கெர்பி தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஆபத்தான வழக்குகளிலும் துணைக்கு அழைத்துப் போகிறார். பத்து வயதில் இதை வாசித்துவிட்டு, அப்பாவுக்கு ஏன் ஒரு கெர்பி வாய்க்கவில்லை என்று காம்பிரா மூலையில் உட்கார்ந்து யோசித்தவன் நான். "வேலைக்காரக் கள்ளன்" என்று நீங்கள் சிரித்தது கெர்பியைப் பார்த்து மட்டும்தானா என்று தெரியவில்லை, கெர்பியோடு நிற்கட்டும்.

அந்தப் பழைய முத்து காமிக்ஸ் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்துபோனதால் கதையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அதை மேசை மீது வைத்திருந்தேன். சிரித்தவர்களில் ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.