டயப்பர் ஜெல் உரம் கிடையாதுங்க
ஒருத்தர் "யூஸ் பண்ண டயப்பர கிழிச்சு உள்ள இருக்க ஜெல்ல செடித்தொட்டில போடுங்க, அது பஞ்சு மாதிரி இயற்கையானது, மக்கி உரமாயிடும், தண்ணியே ஊத்த வேணாம்"னு போட்டிருக்காங்க, தயவுசெஞ்சு அப்படியே நம்பிடாதீங்க. பஞ்சு மாதிரி இருக்கறது மரக்கூழ், அது மக்கும், சரி. ஆனா தண்ணிய இழுக்கறது அந்த ஜெல்லுதான், அது சோடியம் பாலிஅக்ரிலேட், ஒருவகை பாலிமர், அதாவது பிளாஸ்டிக் மாதிரி செயற்கைப் பொருள், மண்ணுல லேசுல மக்காது.

சுத்தமான தண்ணின்னா தன் எடையப்போல நூறு மடங்குக்கும் மேல இழுக்கும், உண்மைதான். ஆனா உப்பு பட்டா அவ்ளோதான், ஊறின ஜெல் மேல ஒரு ஸ்பூன் உப்பு தூவி பாருங்க, கொழகொழன்னு இருந்தது கண்ணு முன்னாடியே தண்ணியா கசிஞ்சு ஓடும். யூஸ் பண்ண டயப்பர்ல மூத்திரத்து உப்பு ஏற்கனவே இருக்கு, அதுக்கு மேல உப்புத்தண்ணி ஊத்துனா ஜெல் எவ்ளோ பிடிச்சு வைக்கும்? அதோட சோடியம் மண்ணுல சேந்தா மண்ணு இறுகும், செடிக்கும் கெடுதல். விவசாயத்துக்குன்னு விக்கற ஜெல்லுல பொட்டாசியம் வகை இருக்கறதே இதுக்குத்தான்.

முக்கியமா மலம் பட்டத தொடவே தொடாதீங்க, கிருமி இருக்கும், கீரை காய்கறி தொட்டிக்கு வேணவே வேணாம். புது டயப்பர் ஏதாச்சும் சின்னதாகி மிஞ்சிருந்தா பூச்செடிக்கு கொஞ்சூண்டு, நல்லா ஊற வச்சு போடலாம், காஞ்ச பவுடரா அள்ளி போட்டீங்கன்னா உப்பி மண்ண மேல தள்ளும், வேருக்கு காத்து போகாது. இதுக்கு பதிலா தென்னைநார் கழிவும் மக்குன தொழுவுரமும் நல்லாவே ஈரம் பிடிக்கும், பயமில்லாம போடலாம்.