செக்கு எண்ணெயும் எண்ணெய்தான்

எங்கள் ஏரியாவில் திரும்பிய பக்கமெல்லாம் மரச்செக்கு எண்ணெய்க் கடை. சந்தோஷம்தான். எள்ளோடு கருப்பட்டியைப் போட்டு ஆட்டும்போது வருகிற வாசனைக்காகவே அங்கே கொஞ்ச நேரம் நிற்கலாம். இட்லிப் பொடிக்கு அந்த நல்லெண்ணெயை விட்டால் வேறு எதுவும் சரிப்படாது. ஆனால் 'கொழுப்பு சேராது, மாரடைப்பு வராது' என்று வாசலில் பலகை வைக்கிறார்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

செக்கு என்பது எண்ணெய் எடுக்கும் முறை, அவ்வளவுதான். சுத்திகரிப்பில் ஓரளவு போய்விடுகிற வாசனை, வைட்டமின் ஈ போன்றவை செக்கு எண்ணெயில் தங்கும். கொழுப்பின் வகை மட்டும் மாறாது. தேங்காயை எதில் ஆட்டினாலும் வருகிற எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது 20 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. மீதியெல்லாம் நிறைவுறாக் கொழுப்பு.

இந்த வித்தியாசத்தைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்து கிடக்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் பாட்டுக்கு ஓடும். நிறைவுற்ற கொழுப்பின் மூலக்கூறுகள் நேரானவை, விறகுக் கட்டு மாதிரி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். நிறைவுறாதவை நடுவில் வளைந்தவை, அப்படி அடுக்கிக்கொள்ளாது. வளைந்த எண்ணெய்க்குள் ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றிக் கட்டியாக்கியதுதான் பழைய வனஸ்பதி. அந்த வேலையில் பிறந்த டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதையும் குறைக்கிறது. இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் வனஸ்பதியிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கொழுப்பு வகைகளில் தயங்காமல் 'வேண்டவே வேண்டாம்' என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

அதற்காக எண்ணெயே வேண்டாம் என்று ஆவியில் வேகவைத்தே சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 1929இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி, எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டுப் பார்த்தார்கள். வளர்ச்சி நின்றது, தோலும் வாலும் செதில் செதிலாக உரிந்தன. நிறைவுறாக் கொழுப்பு வகையான லினோலியிக் அமிலம் கொடுத்ததும் தேறின. அதை நம் உடம்பாலும் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்விலும் கொழுப்பு இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். முருங்கைக்கீரையை எண்ணெயே இல்லாமல் அவித்துத் தின்றால் அதிலுள்ள, வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினில் பெரும்பகுதி வீண்.

ஒமேகா-6 வகையான அந்த லினோலியிக் அமிலம் நம் சமையலில் தாராளம். பற்றாக்குறை ஒமேகா-3 என்கிற இன்னொரு நிறைவுறாக் கொழுப்புக்குத்தான். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எதிலும் அது பேருக்குத்தான் உண்டு. மத்தியும் அயிலையும் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை, விலையும் வஞ்சிரம் அளவுக்குப் போகாது. சைவர்களுக்கு ஆளி விதை இருக்கிறது. ஆனால் மீனில் நேராகக் கிடைக்கும் வகையாக அதை மாற்றிக்கொள்ள உடம்பு ரொம்பவே கஞ்சத்தனம் பண்ணும்.

அப்புறம் அந்த 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்கிற லேபிள். தாவர எண்ணெய் எதிலுமே சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. ரத்தத்தில் இருப்பதில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. பித்தநீருக்கும் ஹார்மோன்களுக்கும் அது தேவை. நிறைவுற்ற கொழுப்பு மிஞ்சினாலும் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுகிறது.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது வேறு இடத்தில். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை 'விஷம்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரே, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் செக்குத் தேங்காய் எண்ணெய் குடிக்கச் சொல்கிறார். பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு பாதிக்கும் கொஞ்சம் குறைவு. தேங்காய் எண்ணெயில் அதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தேங்காய் எண்ணெயில் அதிகமுள்ள லாரிக் அமிலம் என்கிற கொழுப்பு நல்ல கொலஸ்ட்ராலையும் கூட்டும் என்பார்கள். கூட்டும், சரி. கெட்டதையும் சேர்த்துத்தானே கூட்டுகிறது? மாதச் சம்பளத்தில் செக்கு எண்ணெய்க்கு ஒதுக்க முடியாத வீட்டைப் பயமுறுத்தாதீர்கள். அப்பளம் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம், முடிகிற மாதத்தில் தாளிக்க மட்டும் கால் லிட்டர் கடலை எண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.