இரட்டிப்பு போட் பற்றி ஒரு திருத்தம்

"தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்குமாறு ஒரு போட் எழுதிவிட்டால் ஆன்லைன் ரூலெட்டில் நட்டமே வராது" என்று தம்பி மேலே எழுதியிருக்கிறார். போட் என்றால் நமக்காகத் தானாகவே ஆடும் கணினி நிரல்; ரூலெட் என்றால் சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில், எந்த நிறத்தில் விழும் என்று பந்தயம் வைக்கும் சூதாட்டம். தம்பி சொல்வது பிழை. கிளிநொச்சியில் காலபோக நெல் விற்ற காசு வீட்டில் இருக்கும் நேரத்தில் எங்கள் பொடியள் இதை நம்பிவிடக் கூடாது.

ஒரே ஒரு பூச்சியம் உள்ள சக்கரத்தில் 37 எண்கள், அதில் சிவப்பு 18தான். சிவப்பில் வைத்து வென்றால் வைத்த அளவே இலாபம், மற்ற 19 எண்களில் விழுந்தால் வைத்தது போய்விடும். அதனால் வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2.70 ரூபாய் போகும். பந்தயத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த வீதம் மாறாது.

சரி, 100 ரூபாயில் தொடங்கி இரட்டிப்பாக்குங்கள். தொடர்ந்து 10 முறை தோற்றால் 102,300 ரூபாய் போயிருக்கும். அடுத்த பந்தயத்துக்கு இன்னும் 102,400 வேண்டும். மேசையில் ஒரு தடவைக்கு வைக்கக்கூடிய உச்ச வரம்பு அதற்கு முன்பே மறித்துவிடலாம். அப்படி 10 தோல்வி வரிசையாக வருவது ஏறத்தாழ 780 தடவைக்கு ஒன்று. கையால் ஆடுபவருக்கு அது அபூர்வம். ஆனால் போட் இரவிரவாக ஆயிரக்கணக்கில் சுற்றும், அதனால் அந்த வரிசை சீக்கிரமே வந்து சேரும். வேகம் கூட்டுவது நட்டத்தைத்தான்.

தம்பி, பைதன் என்ற நிரல்மொழி பழக ஆசை என்றால் காசு வைக்காமல் ஒரு லட்சம் சுழற்சியை உங்கள் லாப்டொப்பிலேயே ஓட்டிப் பாருங்கள். இருபது வரி போதும், எழுத நான் உதவுகிறேன்.